பதினோராவது கூடை

அத்தை,

உங்கள் கூடை இன்று நனைந்துவிட்டது. கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற இடத்துக்கு நேர் கீழே அதை மாட்டியிருக்கிறோம் என்பது மழை வந்த பிறகுதான் தெரிந்தது. இறக்கி அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் பழைய தேயிலைக் கொழுந்து வாசனை. தோட்டத்தில் கொழுந்து எடுப்பது நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு இந்தக் கூடையில் ஊபிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. இருந்தும் பிரம்பு அந்த வாசனையை விடவில்லை. விளிம்பில் நீங்கள் கட்டிய பச்சைத் துணியை முறுக்கிப் பிழிந்தேன். சாயம் இறங்கி என் விரல்கள் பச்சையாகிவிட்டன. சோப்பு இல்லை, அதனால் அப்படியே இருக்கிறது. இந்தத் தாளின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும்.

நாளைக்குத் தீர்ப்பு.

இன்று லயத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கிழங்குக் காட்டில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு. ஹாக்கி டீம் நமக்கா, ஆபீஸ் கிராணிக்கா? பிரிஞ்சாங் போய் வந்தவர்கள் அங்கே கடைகளிலும் இதையே கேட்கிறார்கள் என்றார்கள். மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. மட்டைகள் தாப்பா கோர்ட்டில் கயிற்றால் கட்டிக் கிடக்கின்றன. ஆடியவர்கள் எங்கெங்கோ ஒளிந்திருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்களைப் பார்த்தால் நாளைக்கு ஏதோ கடைசி ஆட்டம் நடக்கப்போவது போல இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் இருக்கிற ஒரே சட்டையைத் துவைத்து அடுப்பின் மேல் காயப்போட்டுவிட்டு வெறும் உடம்போடு குளிரில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார். செம்பனை எண்ணெய் விளக்கு புகைகிறது, அதைச் சட்டியால் மறைத்து வைத்திருக்கிறேன். வெளியே வெளிச்சம் தெரிந்தால் கேள்வி வரும். பள்ளிக்கூடத்தில் இப்போது நாங்கள் எழுதுவதெல்லாம் ஜப்பான் எழுத்து. தமிழில் இவ்வளவு நீளமாக எழுதி எத்தனை நாளாயிற்று! முதல் வரியிலேயே கை தடுமாறியது.

மட்டைகள் வந்த கதையை நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். நானும் அதை நேரில் பார்த்தவள்தான். அப்போது எனக்கு எட்டு வயது. நம் பையன்கள் கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குக் கீழே நின்று அதைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் கூடை நிறுக்கும் இடத்தில் நீங்கள்தான் அவரிடம் கேட்டீர்கள். சிரிக்கிறீர்களே, நல்ல மட்டை வாங்கித் தரக் கூடாதா என்று. அவர் விளையாட்டாக ஒரு பேரம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வந்து கொழுந்து எடுங்கள். ஒரு கூடை நிறைந்தால் ஒரு மட்டை, ஈப்போவிலிருந்து வரவழைத்துத் தருகிறேன். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

பதினோரு பேர் வந்தீர்கள். மேரி அக்கா அன்று பூசைக்குப் போகவில்லை. பாக்கியம் சின்னம்மா கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வந்தார். நாள் முழுக்க மழை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நிரை நிரையாக நீங்கள் மேலே ஏறியதை நான் லயத்து வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் தராசடியில் கிராணி ஒரு தொல்லை செய்தார். ஈரக் கொழுந்து, தண்ணீர்க் கனத்தைக் கழித்தால் ஒரு கூடையும் நிறையவில்லை என்றார். நீங்கள் கூடையைத் தராசிலிருந்து இறக்கவே விடவில்லை.

"மழையை நாங்களா கூப்பிட்டோம்? கூடை நிறைஞ்சிருக்கா இல்லையா, அதை மட்டும் பாருங்கலா."

துரை சிரித்துவிட்டு மட்டைக்கு எழுதச் சொன்னார். கிராணி அன்று உங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த வழக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மட்டைகள் வந்தபோது நீங்கள் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க மாட்டார்கள். தராசடியில் எல்லாக் கூடைகளும் ஒன்று போலவே இருக்கும். எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் ஒரு பழைய சேலைத் துண்டை விளிம்பில் கட்டுவீர்கள். உங்களுக்குப் பச்சை, பாக்கியம் சின்னம்மாவுக்குச் சிவப்பு, மேரி அக்காவுக்குக் கிழிந்த குடையின் கறுப்புத் துணி. அதிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு கிழித்து, ஆளுக்கொரு மட்டையின் பிடியில் சுற்றினீர்கள். அன்றிலிருந்து ஆடுகிறவன் கையில் இருந்தது இன்னார் வீட்டு மட்டை. ஆட்டம் முடிந்ததும் அந்தந்த வீட்டுக்காரியிடம் காட்டிவிட்டுத்தான் ஸ்டோரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உங்கள் மட்டையின் நுனி ஒருமுறை பிளந்துவிட்டது. ஆடியவன் எதிர் ஆட்களிடம் அடி வாங்கியபோதுகூட முகம் சுளிக்காதவன், அன்று நம் வாசலுக்கு வரப் பயந்து பைப்படியிலேயே இருட்டும்வரை நின்றான். நீங்கள் போய்க் காதைப் பிடித்துக் கூட்டிவந்து கிழங்கு கொடுத்தீர்கள்.

ஆட்டமும் இப்படித்தான், யாருடையது என்று பிரிக்க முடியாதபடி இருந்தது. நான்கு மணிக்கு மேல் பனி இறங்கிவிடும். மைதானத்தில் நிற்பவனுக்குப் பத்தடி தள்ளி உருளும் பந்து தெரியாது. மேட்டில் நிற்கும் உங்களுக்கு அது நிழல் மாதிரித் தெரியும். நீங்கள் பதினோரு பேரும் வரிசையாக நின்றுகொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இடது, கீழே, உனக்குப் பின்னால் என்று கத்துவீர்கள். பனிக்குள்ளிருந்து மட்டை அடிபடும் சத்தம் மட்டும் வரும். கொஞ்ச நேரம் கழித்துக் கோல் என்று யாராவது அலறுவார்கள். ரிங்லெட் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு இப்படி ஐந்து கோல் வாங்கிவிட்டு, அவர்களுடைய தலைவன் மேட்டைப் பார்த்துச் சண்டைக்கு வந்தான்.

"பதினோரு பேரோட ஆட வந்தோமா, இருபத்திரண்டு பேரோட ஆட வந்தோமா?"

"எண்ணத் தெரியுதுல்ல, அந்த அஞ்சையும் எண்ணிக்கிட்டுப் போ" என்றீர்கள்.

எனக்குக் கத்தத் தொண்டை இல்லை. நான் மேட்டில் உங்கள் காலடியில் உட்கார்ந்து, யார் கோல் போட்டார்கள் என்று நோட்டில் எழுதுவேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த நோட்டு. நீல அட்டை. இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது அதன் பின்பக்கத் தாள்களில்தான்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை மலையை விட்டு இறங்குவதற்கு முந்தின நாள் ஆபீஸ் புத்தகங்களை எல்லாம் கொல்லையில் குவித்து எரித்தார். நம் ஆட்களின் பெயர்கள் இருந்த செக்ரோலும் அதில் எரிந்தது. கிராணியிடம் ஸ்டோர் சாவியையும், ஸ்டோரில் உள்ளவை உன் பொறுப்பு என்று ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். மட்டைகள் ஸ்டோருக்குள் இருந்தன.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று முதல் லோரி வந்தபோது அப்பா அதில் ஏறினார். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். இன்றுவரை ஒரு வரி வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு லோரிக்கும் இத்தனை தலை என்று கிராணி கணக்குக் காட்டியாக வேண்டும். ஆள் குறைந்தால் அவரை அறைவார்கள். ஒருமுறை அவருடைய உதடு கிழிந்திருந்ததை நானே பார்த்தேன். அவருக்கும் பயம் உண்டு, அத்தை. பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் பயத்துக்கு நம் ஆட்களை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும்?

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக லயத்திலிருந்து மறைந்தார்கள். என் அண்ணனும் போனான். கிராணிக்கு அவர்களைத் தெரியும்தான். ஆனால் தோட்டத்தில் கூப்பிடுகிற பட்டப்பெயரும் செக்ரோல் எண்ணும்தான் தெரியும். முழுப் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது.

அதெல்லாம் இந்த நோட்டில் இருந்தது.

இப்போது நினைத்தால் நாம் எல்லாருமே பைத்தியங்கள். ஊரே உயிரைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தபோது நம் லயத்துக்கு வந்த கவலை, நாளைக்கே ஆட்டம் என்றால் பதினோரு பேரையும் எப்படிச் சேர்ப்பது என்பது. ஒளிந்திருக்கும் இடத்தையும், யார் மூலம் சொல்லி அனுப்புவது என்பதையும் பெயருக்கு நேரே எழுதி வை என்று எல்லாருமாகத்தான் சொன்னீர்கள். நானும் கோடு போட்டு, அழகாக, ஒரு தாளில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நீங்கள் அதைத் தடவிப் பார்த்தீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து யார் பெயர் என்று கேட்டு, அதே வரிசையில் திருப்பிச் சொன்னீர்கள்.

அப்புறம் நான் செய்தது. கிராணியின் மகளும் நானும் ஒரே வகுப்பு. அவள் ஒரு நாள், உங்கள் டீம் செத்துப்போய்விட்டது, இனி எங்கள் அப்பா வேறு டீம் சேர்ப்பார் என்று கிண்டல் செய்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் டீம் எங்கே இருந்தாலும் ஒரே நாளில் கூட்டிவிடுவேன், எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவள் கெட்டவள் இல்லை. வீட்டில் போய்ச் சாதாரணமாகச் சொல்லியிருப்பாள்.

பைப்படியில் உங்களிடம் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குடம் நிறைந்ததும் குழாயை மூடினீர்கள்.

"அழுது முடிச்சிட்டியா? சரி, குடத்தைத் தூக்கு. இனி அவன் வருவான். வரட்டும்" என்றீர்கள்.

வந்தார். தொழிற்சாலையில் தங்கியிருந்த ஜப்பான் அதிகாரி தங்கள் பண்டிகைக்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று கேட்டபோது, டீம் என்னுடையது, துரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று கிராணி சொன்னார். மட்டையைச் சுற்றியிருந்த அழுக்குத் துணிகளை அவிழ்த்து எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் புது வெள்ளைத் துணி சுற்றினார். அதைக் கேள்விப்பட்டதும் நீங்கள் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியின் முன்னால் போய் நின்றீர்கள். நான் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். அவர்கள் கேட்கிற அளவுக்குக் குனிந்தீர்கள், அதற்குமேல் ஒரு விரற்கடை குனியவில்லை. மட்டை எங்களுடையது என்று துபாஷி மூலம் சொன்னீர்கள். அந்த அதிகாரி சிரித்து, கோர்ட்டுக்குப் போங்கள், கோர்ட்டுச் சொல்வதை நான் கேட்கிறேன் என்றானாம். வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்திருப்பான். அவனுக்கு அது வேடிக்கை. நமக்கு அப்படி இல்லை. ஏனென்றால் கிராணி தன் மனுவில் நான்கு பொருள்கள் கேட்டிருந்தார். மட்டைகள், சட்டைகள், கோப்பை. நான்காவது, டீமின் பெயர் எழுதிய நோட்டு.

தாப்பாவுக்கு நாம் போன லோரியை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில் பதினோரு வெறுங்கூடைகளோடு பதினோரு பெண்கள். நான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். வீட்டில் வைத்தால் கிராணி தேடி எடுத்துவிடுவார் என்று நோட்டை உங்கள் இடுப்பில் செருகியிருந்தீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நீங்கள் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"எனக்கு மட்டும் இல்லையா? பயந்துக்கிட்டே நில்லு. நிக்கிறப்ப காலு நடுங்கினா யாரும் கேஸ் போட மாட்டான்."

கோர்ட்டில் அந்த நீதிபதி வெள்ளைக்காரன் காலத்திலேயே அதே நாற்காலியில் இருந்தவராம். தமிழ் புரியும். அவர் முதலில் உங்களைக் கேட்டது, ஹாக்கி ஆடத் தெரியுமா என்று.

"தெரியாதுங்க ஐயா. கிராணியாருக்கும் தெரியாது. அவரையும் ஒரு வார்த்தை கேளுங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிராணி கடிதத்தை நீட்டினார். நீங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மட்டைகளில் சுற்றியிருக்கும் வெள்ளைத் துணியை அவிழ்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டீர்கள். அவிழ்த்தார்கள். எத்தனை வருட மழை, எத்தனை கை வேர்வை! மட்டமான சேலைச் சாயம் எல்லாம் இறங்கி மரத்தில் ஊறியிருந்தது. ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள். நீங்கள் உங்கள் கூடையைத் தூக்கி விளிம்புத் துணியை விலக்கிக் காட்டினீர்கள். பிரம்பிலும் அதே பச்சை. ஒவ்வொருவராக மேசைக்குப் போய்க் கூடையை மட்டைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

மேரி அக்காவின் மட்டையில்தான் கறையே இல்லை. கிராணி அதைப் பிடித்துக்கொண்டார். இது யாருடையது, இதற்கு என்ன சாட்சி என்று குரலை உயர்த்தினார்.

"குடைத் துணி சாயம் போகாது ஐயா. எங்கள்ல அவ ஒருத்திதான் நல்ல துணி கட்டினவ. அதுக்காக அவளைத் தண்டிச்சிடாதீங்க" என்றீர்கள். நீதிபதியே சிரிப்பை அடக்கக் கீழே குனிந்துகொண்டார்.

அப்புறம்தான் கிராணி உண்மையான கேள்வியைக் கேட்டார். மட்டை மட்டும் டீம் ஆகுமா? டீம் என்றால் ஆட்கள். ஆட்களின் பெயரைச் சொல்லட்டும். நோட்டு இந்தப் பெண்ணிடம் இருக்கிறது. இப்படிச் சொல்லி என்னைக் கைகாட்டினார். கோர்ட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாயும் பார்த்தான். என் காது அடைத்துக்கொண்டது. உங்கள் குரல் மட்டும்தான் கேட்டது, பனிக்குள் கேட்பது போல.

"ஆடினவங்க பேரு எதுக்குங்க? அவங்க வருவாங்க, போவாங்க. கூடை நிறைச்சது நாங்க பதினோரு பேரு. டீம் நாங்கதான். நோட்டுல எங்க பேருதான் இருக்கு."

நோட்டில் இல்லை, அத்தை. அப்போது இல்லை. நீங்கள் சத்தியம் செய்துவிட்டு நின்ற இடத்தில், உங்கள் இடுப்பில் இருந்த நோட்டில், பதினோரு ஆண்களின் பெயரும் இடமும் இருந்தன.

நீதிபதி அந்தப் பதினோரு கூடைகளையும் எண்ணிப் பார்த்தார். பிறகு, தீர்ப்பு நாளன்று உரிமை கேட்கும் பதினோரு பேரும் கூடையோடு வர வேண்டும், நோட்டும் வர வேண்டும், ஜெயித்தவரிடம் எல்லாம் ஒப்படைக்கப்படும் என்றார். இத்தனை நாள் தவணை ஏன் கொடுத்தார் என்று மேரி அக்கா திட்டினார். நீங்கள் லோரிக்குக் காத்திருந்தபோது என் காதில் சொன்னீர்கள். அந்த மனுஷன் நமக்கு நேரம் கொடுத்திருக்கிறார், புரிகிறதா என்று. எனக்கு அன்று புரியவில்லை.

திரும்பி வர லோரி கிடைக்க இரண்டு நாளாயிற்று. தாப்பாவில் கோயில் மண்டபத்தில் படுத்தோம். மலையில் இருக்கிற நமக்குக் கொசு பழக்கமில்லை. உங்கள் முந்தானையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டு நீங்கள் உட்கார்ந்தே இருந்தீர்கள். திரும்பி வந்து பத்தாம் நாள் காய்ச்சல். பிரிஞ்சாங்கிலும் கொய்னா மாத்திரை இல்லை, எங்கேயும் இல்லை. உடம்பு தூக்கிப் போடும்போது நாங்கள் மூன்று பேர் பிடித்துக்கொள்வோம். ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "பதினொண்ணுல ஒண்ணு குறையக் கூடாதுடி" என்றீர்கள். ஆட்டக்காரர்களைச் சொன்னீர்களா, கூடைகளைச் சொன்னீர்களா என்று நான் கேட்பதற்குள் மறுபடியும் நடுங்க ஆரம்பித்துவிட்டீர்கள். அப்புறம் கேட்க முடியவில்லை.

உங்களை அடக்கம் செய்த மறுநாளே கிராணி தராசடியில் நின்று சொல்லியிருக்கிறார். பதினோரு பேரில் ஒருத்தி போய்விட்டாள், இனி அந்தக் கேஸ் நிற்காது என்று. அதைக் கேட்டதிலிருந்து பத்துப் பேரும் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பாக்கியம் சின்னம்மா மட்டும் ஒரு நாள், கூடையில் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள் என்றார்.

உங்கள் இடத்தில் நான் நிற்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்க அத்தை போனது போதாதா? உங்கப்பா போனது போதாதா? நீ வேற போய் அவங்க கண்ணுல படணுமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொல்வதில் தப்பு இல்லை. என் பெயர் இதுவரை ஜப்பான்காரர்களின் எந்தத் தாளிலும் ஏறியதில்லை. ஏறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. உரிமைக்காரி என்று எழுதிக் கொடுத்தால் அப்புறம் எதற்கெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள்? இதை நினைத்து ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே, கிழங்கு.

ஆனால் அத்தை, அந்த நீதிபதி எதற்காக நேரம் கொடுத்தார் என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். பெயர்கள் இருந்த தாளைக் கிழித்து அடுப்புத் தணலில் வைத்தேன். அது சுருண்டு கறுப்பதற்குள் உங்களைப் போல விரலை வைத்து, வரிசையாக ஒவ்வொரு பெயரையும் சொன்னேன். பிறகு கோல் கணக்கு எழுதிய தாள்களையும் எரித்தேன். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ரிங்லெட்டுக்குப் போட்ட அந்த ஐந்து கோலும் எரிந்துவிட்டன. யார் யார் போட்டார்கள் என்று நான் பிடிவாதமாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பிறகு புதிதாக முதல் தாளில் கோடு போட்டு எழுதினேன். பாக்கியம் சின்னம்மாவின் பெயர், பக்கத்தில் சிவப்பு. மேரி அக்காவின் பெயர், பக்கத்தில் கறுப்பு. பத்துப் பெயர், பத்து நிறம். நீங்கள் சத்தியம் செய்து சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது.

நாளைக்குத் தீர்ப்பு கிராணி பக்கமே வரட்டும். நோட்டையும் நானே என் கையால் கொடுப்பேன். அவருக்குக் கிடைப்பது பதினோரு மட்டைகளும் பதினோரு பெண்களின் பெயரும்தான். அதை வைத்துக்கொண்டு அவரால் ஒரு லோரியையும் நிரப்ப முடியாது. நமக்கே வந்தால் மட்டைகளை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்துவந்து கூரையில் செருகி வைப்பதாகப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பண்டிகைக்கு ஆட யார் வருவார்கள் என்று அதிகாரி கேட்டால், நாங்களே ஆடுகிறோம் என்று சொல்லப் போவதாக மேரி அக்கா சேலையை வரிந்து கட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் போன பிறகு லயத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

விடிவதற்கு முன்னால் காய்கறி லோரி புறப்படும். நம் ஆட்கள் ரிங்லெட் வளைவுவரை நடந்து வந்து சாயங்காலம்வரை அங்கேயே காத்திருப்பார்களாம். ஜெயித்தால் லோரியின் மேல் கூடைகளைத் தூக்கிக் காட்டுங்கள், தூரத்திலேயே தெரிந்துகொள்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பாக்கியம் சின்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெயிச்சாலும் தூக்குவோம், தோத்தாலும் தூக்குவோம். நீங்க பாட்டுக்குக் கத்துங்க" என்றார். மேட்டில் நின்ற அதே ஆட்கள்தானே.

கூடையை இறக்கியபோது ஒன்று கவனித்தேன். கூடையைத் தலையில் மாட்டும் கயிறு உங்கள் தலை அளவுக்குக் கட்டியது. எனக்குத் தளர்ந்து தோளில் வந்து விழும். இன்று போட்டுப் பார்த்தேன், நெற்றியில் சரியாக உட்காருகிறது. யாரோ இரண்டு விரற்கடை சுருக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்த முடிச்சு அம்மாவுடையது. சாக்குக் கட்டும்போது அம்மா போடுகிற இரட்டை முடிச்சு. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

இந்தத் தாள்களை மடித்து அடுப்புக்கல்லுக்குக் கீழே வைத்துவிடுவேன். யார் கைக்காவது கிடைத்தால் கிடைக்கட்டும். இவ்வளவு நீளமாக எழுதியும் ஆட்டக்காரன் ஒருவனுடைய பெயரும் இதில் இல்லை. அண்ணனுடைய பெயர்கூட இல்லை. அவை இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன, நீங்கள் கூப்பிட்ட அதே வரிசையில், உங்கள் தொண்டையோடு. பள்ளிக்கூடத்தில் தினமும் ஜப்பான் பாட்டைப் பாடச் சொல்லும்போது நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு உள்ளே அந்தப் பதினோரு பெயரையும் சொல்கிறேன். பனி எப்போதாவது விலகும். அன்றைக்கு ஒரே நாளில் கூட்டிவிடுவேன். கிராணியின் மகளிடம் அப்போது சொன்னது வீண் பெருமை. இப்போது அப்படி இல்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதைச் செய்யத் தைரியம் வராமல்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இப்போது முடித்துவிட்டேன். நோட்டின் முதல் தாளில், பத்துப் பெயர்களுக்குக் கீழே, என் பெயரை எழுதினேன். பக்கத்தில் பச்சை என்று எழுத வேண்டியிருக்கவில்லை. விரல் பட்ட இடத்தில் அதுவே ஒட்டிக்கொண்டது. எழுத்து கோணலாக இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் தடவிப் பார்த்து, இதைக் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கலாமே என்றிருப்பீர்கள்.

இருக்கட்டும், அத்தை. நான் அதை அழிக்கவில்லை.